ஒன்பதாவது கம்பம்

வைரக்கண்ணுவோடு எனக்கு ஏற்பட்ட பழக்கமே அவனைத் திட்டியதில்தான் ஆரம்பமானது. நாற்பத்தாறாம் வருஷம், மாசி மாதம், அரியலூர் ரயில்வே ஸ்டேஷன். அளக்கிற டேப்பின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான், மறுமுனை என் கையில். நடுவில் டேப் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கியது.

"கையில உசுரு இருக்காய்யா? இழுத்துப் பிடி" என்று கத்தினேன்.

அவன் இழுத்துப் பிடித்தான். அதற்குப் பிறகு பதினோரு நாள் அந்த டேப் தொங்கவேயில்லை. ஏன் கத்தினோம் என்று எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

என் பெயர் ஞானப்பிரகாசம். வரதராஜன்பேட்டைக்காரன். ரயில்வேயின் திருச்சி ஆபீசில் படம் வரைகிறவன். இன்ஜினியர்கள் யோசிப்பார்கள், நான் வரைவேன். சரியாக வந்தால் அது யோசித்தவர் மூளை, தப்பாக வந்தால் வரைந்தவன் கை. இருபத்திரண்டு வருஷம் இப்படிக் குப்பை கொட்டியதில் எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்லவன்தான், வாய்தான் சரியில்லை என்று என் தம்பி சம்சாரமே சொல்லுவாள்.

யுத்தம் முடிந்த கையோடு ஸ்டேஷன்களைப் பெரிதாக்குவது என்று மேலிடத்தில் ஒரு யோசனை பிறந்தது. அரியலூருக்கு அந்த யோசனை வந்ததற்குக் காரணம் பெரம்பலூர் ஜனங்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அந்தப் பக்கத்து ஆள் பட்டணம் போகவேண்டுமென்றால் கரியை எரித்து ஓடுகிற பஸ்ஸில் ஏறி, முகமெல்லாம் புகை அப்பி, அரியலூரில் வந்து இறங்கவேண்டும். இறங்கினால் உட்கார ஒரு நிழல் இல்லை. பிள்ளைகுட்டிகளோடு கடலை மூட்டைகளுக்கு நடுவில் வெயிலில் காய்வார்கள். மனுவுக்கு மேல் மனு போட்டு, கடைசியில் ஸ்டேஷனை அளந்து படம் போட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பு ஜனங்களுக்கு ஒரு பெரிய மண்டபம், பெண்களுக்குத் தனி அறை, குழாய்த் தண்ணீர், மாட்டு வண்டிகள் வந்து திரும்ப இடம், இவ்வளவும் படத்தில் வரவேண்டும்.

டேப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் சிவசுப்பிரமணியனிடம் கேட்டேன். ஓய்வு நேரத்தில் பிடிக்கட்டும் என்று அவர் வைரக்கண்ணுவைக் கொடுத்தார். அவன் அங்கே பாயிண்ட்ஸ்மேன். வருகிற ரயில் எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டும் என்று திருப்பிவிடுகிற வேலை.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமம் அவனுக்கு. இந்த ரயில் பாதை போட்டபோது மண் சுமக்க வந்திருக்கிறான். பாதை முடிந்து, மண் சுமந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள், இவன் திரும்பவில்லை. "திரும்பிப் போயி என்ன சார் பண்றது? காணி இருக்கா, கரை இருக்கா?" என்றான். தண்டவாளத்தைச் சரிபார்க்கும் கூலியாகச் சேர்ந்து, பிறகு போர்ட்டராகி, பிறகு பாயிண்ட்ஸ்மேன் ஆனான். இதை அவனிடமிருந்து வாங்க எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்தான் தருவான்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரமான ஆள், உடம்பில் சதையே கிடையாது. ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக ஒரு குவார்ட்டர்ஸ். காலையில் ஒருதரம் ஆக்கி வைத்து அதையே இரண்டு வேளையும் சாப்பிடுவான். ஒரு நாள் ஓட்டல் சாப்பாடு பிடிக்காமல் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "வூட்டுக்கு வாங்க சார்" என்று கூப்பிட்டான். போனேன். வீட்டில் இருந்தது ஒரே தட்டு. அதை எனக்குப் போட்டுவிட்டு, தனக்கு மந்தார இலையில் போட்டுக்கொண்டான்.

"சம்சாரம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. திருமானூர்ல, அண்ணன் வூட்டுல."

"எப்ப வரும்?"

"வராது சார்" என்றான். குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தான்.

காலைப் பத்து மணி வண்டியை அனுப்பிவிட்டு, தினமும் அவன் ஒரு காரியம் செய்வான். சிக்னல் விளக்குகள் வைக்கிற விளக்கு ரூமைத் தாண்டிக் காலி நிலம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரமாக ரயில் கம்பெனி காலத்து வேலி. பழைய தண்டவாளத் துண்டுகளைக் கம்பமாக நட்டுக் கம்பி இழுத்தது. அதில் ஒரு கம்பத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொள்வான். உதடு அசையும். கால் மணி நேரம் கழித்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வருவான்.

"அவரு வேலிகிட்ட பேசுவாரு சார். மனுசங்ககிட்டத்தான் பேச மாட்டாரு" என்றான் போர்ட்டர் தர்மராஜ். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனிக்கட்டையாக இருக்கிறவன் எதனோடாவது பேசித்தான் ஆகவேண்டும். நான் என் மைக்கூட்டோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் மண்டபத்துக்கு இடம் குறித்து முளை அடிக்கப் போனோம். விளக்கு ரூம் மூலையிலிருந்து நாற்பத்தைந்தாவது அடியில் தொடங்கி எண்பதாவது அடிவரை, வேலியை ஒட்டி, முப்பத்தைந்து அடி நீளத்துக்கு மண்டபம். நான் அடியைச் சொல்லிக்கொண்டே போனேன். அறுபதைத் தாண்டினதும் டேப் தொங்க ஆரம்பித்தது. கத்தினேன். இழுத்தான், மறுபடியும் தொங்கியது. ஒருவழியாக நாலு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒரு முளைகூட இல்லை. நூலும் இல்லை.

"ஆடு மேஞ்சிருக்கும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நாலு முளையையும் நட்டமா பிடுங்கிட்டு, நூலையும் சுத்தி எடுத்துட்டுப் போற ஆடு உங்க ஊர்லதான் சார் இருக்கும்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. திரும்ப அடித்தேன். அடுத்த நாளும் காணோம். மூன்றாம் தடவை அடித்துவிட்டு, விடிகிற நேரத்துக்கு எழுந்து விளக்கு ரூம் ஓரமாக நின்றேன். வைரக்கண்ணு வந்தான். மண்டி போட்டு உட்கார்ந்து, பல்லைப் பிடுங்குகிறவன் மாதிரி மெதுவாக ஆட்டி ஆட்டி முளையைப் பிடுங்கினான். பிடுங்கிய குழியைக் கையால் மூடித் தட்டிவிட்டான்.

போய் எதிரில் நின்றேன். அவன் ஓடவில்லை.

"வேலை போயிடும்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும் சார்."

"பின்ன என்ன கேடு?"

 அவன் எப்போதும் சாய்ந்து உட்காரும் கம்பத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "பாப்பா இருக்கு சார் இங்க" என்றான்.

 அங்கேயே உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். பதினாலு நாளில் பேசாததை எல்லாம் அன்றைக்குப் பேசினான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழை. பதினோரு மாதத்துப் பெண் குழந்தை. மூன்று நாள் பேதி, நாலாம் நாள் விடியற்காலையில் போய்விட்டது. ஓடையெல்லாம் பெருகிக் கிடந்ததால் சொந்த ஊருக்கு எடுத்துப் போக வழியில்லை. டவுனில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சுடுகாடு உண்டு. பிழைக்க வந்த ரயில்வேக்காரனுக்கு எதிலும் பாத்தியதை கிடையாது. அப்போது இருந்த ஸ்டேஷன் மாஸ்டர், வேலி ஓரமாக அடக்கிவிட்டு வா, நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். வைரக்கண்ணு மட்டும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

பால்குடி மறக்காத குழந்தையை அவன் ஜனங்கள் எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆனால் மேலே கல் நட மாட்டார்கள், செடி வைக்கமாட்டார்கள், ஒரு குச்சியைக்கூட அடையாளத்துக்குக் குத்தமாட்டார்கள். பெற்றவளுக்கு இடம் எது என்று சொல்வதே கிடையாது. சொன்னால் அவள் மனசு அங்கேயே போய் நிற்கும், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். எனக்கு இது புரியவேயில்லை. எங்கள் பக்கத்தில் மூன்று நாள் குழந்தைக்கும் சிலுவை உண்டு, பெயர் உண்டு. கல்லறைத் திருநாளன்று தாய்க்காரி போய் மெழுகுவர்த்தி ஏற்றி வாய்விட்டு அழுதுவிட்டு வருவாள்.

"ஒரு கல்லாவது நட்டிருக்கலாமேய்யா."

"நடக் கூடாது சார். அதான் கம்பத்தை எண்ணி வெச்சுக்கிட்டேன். வெளக்கு ரூம் மூலையிலேருந்து ஒம்போதாவது கம்பம். மழையில கண்ணு தெரியல. ஒவ்வொரு கம்பமா கையால தொட்டு எண்ணிக்கிட்டே போனேன்."

அவன் மனைவி பெயர் சிந்தாமணி. எட்டு வருஷம் அவள் கேட்டிருக்கிறாள். அங்கே போகமாட்டேன், அழமாட்டேன், எந்த இடம் என்று மட்டும் சொல்லுங்கள், தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். இவன் வாய் திறக்கவில்லை. அடுத்தது தங்கவேண்டுமே. தங்கவேயில்லை, ஒன்றுகூடத் தங்கவில்லை. நடுவில் இரண்டு வருஷம் செந்துறை ஸ்டேஷனுக்கு மாற்றல். நாற்பதில் மறுபடியும் அரியலூருக்கு வந்து சாமானை இறக்கிய அன்றைக்கே அவள் திரும்பக் கேட்டிருக்கிறாள். இவன் அப்போதும் சும்மா நின்றிருக்கிறான். கட்டின மூட்டையை அவிழ்க்காமலே அவள் திருமானூருக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று அதுவரை அந்தப் பக்கம் போகாதவன், அதற்குப் பிறகுதான் தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்திருக்கிறான்.

"எடத்தைச் சொல்லுங்க, அன்னிக்கே வரேன்னு சொல்லிட்டுப் போனா சார். ஆறு வருசமாச்சு."

"அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா, இத்தினி வருசம் ஏன் மறைச்சீங்கன்னு கேப்பாளே சார். அதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது, மண்டபம் எங்கே வரவேண்டும் என்று தீர்மானிக்க நான் யார், நீ முளையைப் பிடுங்கினதை நான் பார்க்கவில்லை, போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னேனே தவிர, இட்டிலி இறங்கவில்லை. மண்டபத்துக்குக் கடைக்கால் நாலடி ஆழம் தோண்டுவார்கள். கடப்பாரை போடுகிற நேரத்தில் இவன் பத்தடி தள்ளி நின்று பாயிண்ட் திருப்பிக்கொண்டிருப்பான்.

மத்தியானமே படத்தை விரித்தேன். மண்டபத்தை அப்படியே முப்பத்தைந்து அடி அந்தண்டை தள்ளினேன். எண்பதாவது அடியில் தொடங்கி நூற்றுப் பதினைந்து வரை. 'மழைத் தண்ணீர் வடிய வசதி' என்று ஓரத்தில் காரணம் எழுதினேன். தண்ணீர் வடிகிறது என்று எழுதினால் எங்கள் இன்ஜினியர் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். காலியான இடத்துக்குப் பச்சை வர்ணம் தீட்டிப் பூந்தோட்டம் என்று எழுதினேன். இப்படி ஒன்றை நகர்த்துகிறபோது ஆபீசிலிருக்கும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்தவேண்டும் என்பது நானே புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பார்க்கவில்லை.

வைரக்கண்ணுவைக் கூப்பிட்டுப் பச்சைக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், ஆனால் படத்தைத் தொடவில்லை.

"இனிமே யாரும் தோண்ட மாட்டாங்களா சார்?"

"நான் வரைஞ்சா வரைஞ்சதுதான்" என்றேன். என்ன ஜம்பம் பாருங்கள்.

 பிறகு, "ஒரு கார்டு எழுதணும் சார்" என்றான். திருமானூரில் மச்சான் செல்லதுரை பெயருக்கு எழுதச் சொன்னான். அவன் சொன்னது ஒரே வரிதான். "எடத்தைக் காட்டறேன், வரச் சொல்லுங்க." நலம், நலமறிய ஆவல் எல்லாம் நான் சேர்த்துக்கொண்டது. எட்டாம் நாள் பதில் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வருகிறாள் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அவன் குவார்ட்டர்ஸுக்குச் சுண்ணாம்பு அடித்தான். கடைவீதிக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கிவந்தான். நான் திருச்சிக்கு வண்டியேறும்போது பெட்டியைத் தானே தூக்கி வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நீங்களும் இருந்தா தேவல சார்" என்றான். பார்க்கலாம் என்றேன்.

திருச்சி ஆபீசில் மூன்று நாள் உட்கார்ந்து படத்தை நகலெடுக்கிற மெழுகுத்துணியில் மையால் எடுத்தேன். புதன்கிழமை தலைமைப் படவரைவாளர், பாதை போட்ட காலத்துப் படத்தையும் இணைத்து வை என்றார். அலமாரியில் தேடி எடுத்து, தூசி தட்டி, என் படத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். வேலியைப் பார்த்ததும் எனக்கு ஏதோ இடித்தது. பழைய படத்தில் வேலிக் கம்பம் பத்தடிக்கு ஒன்று. நான் அளந்து வந்ததில் ஏழடிக்கு ஒன்று.

பழைய கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். முப்பத்தொன்பதாம் வருஷம் ஸ்டேஷனுக்குள் மாடு புகுகிறது என்று புகார் வந்து, அந்தக் காலி நிலத்துப் புதரை வெட்டி, மண் கொட்டிச் சமன் செய்து, கம்பங்களை எல்லாம் பிடுங்கி ஏழடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டிருக்கிறார்கள். வைரக்கண்ணு அப்போது செந்துறையில். திரும்பி வந்தவனுக்கு அதே வேலி, அதே துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகள். அவனுக்கு அடையாளம் கம்பம் இல்லை, எண்ணிக்கைதான். ஒன்பது வரைக்கும் எண்ணி உட்கார்ந்திருக்கிறான்.

ஒன்பது ஏழு அறுபத்து மூன்று. ஒன்பது பத்து தொண்ணூறு. ஆறு வருஷமாக அவன் சாய்ந்து பேசியது அறுபத்து மூன்றாவது அடியில். குழந்தை கிடப்பது தொண்ணூறாவது அடியில். நான் மண்டபத்தை நகர்த்தி வைத்திருப்பது எண்பதிலிருந்து நூற்றுப் பதினைந்து வரை. வெறும் மண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று, குழந்தையின் மேல் நானே கடைக்கால் போட்டிருக்கிறேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. காப்பி கொண்டுவந்த ஆள், உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலைக்குள் மண்டபத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். ஒரே படத்தை ஏன் இரண்டு தடவை மாற்றினாய் என்று மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். அந்த மண்டபம் மூன்று வருஷம் ஆகியும் காகிதத்தை விட்டு இறங்கவில்லை, பெரம்பலூர் ஜனங்கள் இன்னும் வெயிலில்தான் காய்கிறார்கள். அதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

ஆனால் வைரக்கண்ணுவிடம் என்ன சொல்வது? சொல்லாமலிருக்க வழியே இல்லை. மண்டபம் மறுபடியும் அவன் கம்பத்துக்கு வந்துவிட்டது. அவன் முளையைப் பிடுங்குவான். அதோடு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வருகிறாள். பதினான்கு வருஷம் ஏங்கினவளுக்கு அவன் வெறும் தரையைக் காட்டுவான், அவள் அதைத் தொட்டுக் கும்பிடுவாள்.  இரண்டு படத்தையும் சுருட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை முதல் வண்டியில் ஏறினேன்.

நான் இறங்கும்போதே சிந்தாமணி வந்திருந்தாள். பிளாட்பாரக் கோடியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், முன்மயிர் எல்லாம் நரைத்துவிட்டது. வைரக்கண்ணு சலவை வேட்டி கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். பத்து மணி வண்டி போனதும் அவளை அழைத்துப் போகக் காத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து நான் என்னத்தைச் சொல்ல?

"வைரக்கண்ணு, இப்படிக் கொஞ்சம் வா" என்று தனியாகக் கூப்பிட்டேன். அந்த அம்மாளும் எழுந்து கூடவே வந்துவிட்டாள்.

"எங்கிட்ட மறைக்கற பேச்சு இனிமே வேணாங்கய்யா" என்றாள்.

வண்டி போகும்வரை பொறுத்தேன். பிறகு விளக்கு ரூம் படிக்கட்டில் இரண்டு படத்தையும் விரித்தேன். பழைய கம்பம் எங்கே இருந்தது, புதுக் கம்பம் எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துச் சொன்னேன். படம் தெரியாதவர்களுக்குப் புரியவேண்டுமே என்று இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"ஒம்போதாவதுதான சார்?" என்றான் வைரக்கண்ணு.

"ஒன்பதாவதுதான். கம்பம் மாறிடுச்சு."

"நான் எண்ணுனேனே."

"நீ சரியாத்தான்யா எண்ணுனே."

அவன் வேலியைப் பார்த்தபடியே நின்றான். நான் அவள் பக்கம் திரும்பினேன். கத்துவாள், அவனை நாலு வார்த்தை கேட்பாள், கேட்கட்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அளக்கற டேப்பு வெச்சிருக்கீங்களா?" என்றாள்.

எடுத்தேன். வைரக்கண்ணுவின் கை பழக்கத்தில் நீண்டு ஒரு முனையை வாங்கிக்கொண்டது. விளக்கு ரூம் மூலையில் அதை வைத்துப் பிடித்தான். மறுமுனையை அவள் என்னிடம் விடவில்லை. "நானே கொண்டு போறேன்" என்று டேப்பைப் பிரித்துக்கொண்டே வேலி ஓரமாக நடந்தாள். நான் பக்கத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டு போனேன். அறுபத்து மூன்றாவது அடியில் அந்தக் கம்பம் நின்றது. அவன் சாய்ந்து சாய்ந்து துரு போய் வழவழவென்று ஆகியிருந்தது. அவள் அதை ஒருதரம் பார்த்தாள், நிற்காமல் நடந்தாள். எழுபது, எண்பது. டேப் தொங்கவேயில்லை, அவன் அவ்வளவு இழுத்துப் பிடித்திருந்தான்.

"இதாம்மா" என்றேன், தொண்ணூறாவது அடியில்.

அங்கே ஒன்றுமில்லை. வண்டித் தடம் ஒன்று, ஓர் ஆவாரஞ்செடி, காய்ந்த சாணம். கடலை ஏற்ற வருகிற மாட்டு வண்டிகள் குறுக்கே புகுந்து திரும்புகிற இடம். சிந்தாமணி டேப்பைக் கீழே வைத்தாள். சாணத்தைக் கையால் ஒதுக்கினாள். கல்லைப் பொறுக்கி அந்தண்டை போட்டாள். அப்புறம் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. நான் என் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

திரும்பிப் பார்த்தால் மூலையில் வைரக்கண்ணு இல்லை. டேப்பைப் போட்டுவிட்டு வந்து தன் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இருபத்தேழு அடி. ஆறு வருஷம் பிரிந்திருந்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு மூலையா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எழுந்திரிய்யா. அந்தம்மா அங்க உக்காந்திருக்கு, நீ இங்க உக்காந்து என்னத்தைக் கட்டி அழுவுறே?"

"நான் வரல சார்."

"ஏன்?"

அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "தெனமும் வந்தேன் சார். பத்து மணி வண்டிய அனுப்பிட்டு ஒரு நாள் வுடாம வந்தேன். காய்ச்சலோடகூட வந்திருக்கேன். இங்க வந்து உக்காந்து என்னென்னமோ பேசினேன். அது அங்க கெடந்து, அப்பன் வரவேயில்லைன்னுதான நெனச்சிருக்கும்? இப்ப போயி எந்த மூஞ்சிய சார் காட்டுறது?"

 

இருபத்தேழு அடி பெரிய தூரமில்லை. அவன் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. அவள் தரையை நோக்கிக் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.  பிறகு எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே நடந்து வந்து அவன் எதிரில் நின்றாள்.

"சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னன்னு?"

"உங்கப்பா தெனமும் வந்துக்கிட்டுத்தான் இருந்தாரு, எடம் தப்பிப் போச்சுன்னு சொல்லிட்டேன். வாங்க."

வைரக்கண்ணு எழுந்து அவள் பின்னால் போனான்.